கேட்காமல் செய்த வேலைக்குக் காசு கேட்காதீர்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், வாகனம் உள்ளவரோடு பங்கு போட்டுப் போய் வருபவர்கள், நாளைக்கு வாங்க நினைத்திருப்பவர்கள், முச்சக்கர வண்டி ஓட்டும் தம்பிமார் எல்லோரும் கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வாகனம் திருத்தும் இடத்தில் பில் கூடியதா குறைந்ததா என்பது இரண்டாவது கேள்வி. "இந்த வேலையைச் செய்யட்டுமா, இவ்வளவு வரும்" என்று எங்களிடம் கேட்டார்களா என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றுக்கு ஒரே காரில் போய் வருகிறோம். வாகனம் எங்களில் ஒருவரின் பெயரில் இருக்கிறது. பெற்றோலும் திருத்தச் செலவும் நான்காகப் பிரியும். கடந்த தவணை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னர், பிரேக் பிடிக்கும்போது முன் சில்லுப் பக்கம் கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியது. சேர்விஸ் செய்ய வேண்டிய கிலோமீற்றரும் வந்திருந்தது. பிரேக் விஷயம் என்பதால், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று வெளி மாவட்டத்தில் உள்ள ஏஜென்ட் கம்பெனியின் சேர்விஸ் நிலையத்துக்கே கொண்டு போனோம். அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை, கொமென்டிலும் யாரும் கேட்க வேண்டாம். முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, இது ஒரு இடத்தின் பழக்கம் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதத் தேவையும் இல்லை.

வாகனத்தைப் பாரம் எடுத்தவர் ஜொப் கார்ட்டில் இரண்டே வரி எழுதினார். ஒன்று, சேர்விஸ். இரண்டு, முன் பிரேக் சத்தம் பார்த்து பேட் மாற்றுவது. எவ்வளவு வரும் என்று கேட்டோம். "வற் எல்லாம் சேர்த்து ஐம்பத்தையாயிரம் அளவில வரும் சேர்" என்றார். ஆளுக்குப் பதினையாயிரம் என்று எடுத்து வைத்தோம். தொலைபேசி இலக்கம் இரண்டு கொடுத்தோம்.

அடுத்த நாள் பின்னேரம், வாகனம் தயார் என்று குறுஞ்செய்தி வந்தது. போனோம். பில் 153,400 ரூபா.

அந்தப் பில்லை அப்படியே தருகிறோம்:

சேர்விஸ், ஒயில், ஒயில் பில்டர் – 24,500
முன் பிரேக் பேட் – 18,600
முன் பிரேக் டிஸ்க் இரண்டு – 46,000
இன்ஜெக்டர், துரொட்டில் பொடி கிளீனிங் – 14,500
ஏசி பில்டர் – 4,900
ஸ்கேன் கட்டணம் – 5,000
கூலி, பேட் மாற்றியது – 4,500
கூலி, டிஸ்க் மாற்றியது – 9,000
சில்லறைச் செலவு – 3,000
மொத்தம் – 130,000
வற் 18 வீதம் – 23,400

நாங்கள் செய்யச் சொன்னது எது? சேர்விஸ் 24,500, பேட் 18,600, பேட் மாற்றிய கூலி 4,500. கூட்டினால் 47,600. வற் சேர்த்தால் 56,168. அவர் வாயால் சொன்ன தொகையும் கிட்டத்தட்ட இதுதான். மீதி 97,232 ரூபாவும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்த வேலை.

கவுண்டரில் கேட்டபோது வந்த முதல் பதில்: "டிஸ்க் தேய்ஞ்சு போயிருந்தது சேர். பிரேக் எண்டா உயிர் விஷயம்."

உயிர் விஷயம்தான். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்படி என்றால் போன் எடுக்க ஏன் நேரம் இல்லாமல் போனது? வாகனம் தயார், வந்து காசைக் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த அதே கம்பியூட்டருக்கு, டிஸ்க் மாற்ற வேண்டும், 46,000 வரும், சம்மதமா என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பத் தெரியாதா? வாகனம் ஒன்றரை நாள் அவர்களிடம் நின்றது. எங்கள் இரண்டு இலக்கமும் ஜொப் கார்ட்டில் இருந்தது.

பழைய டிஸ்க்கைக் காட்டுங்கள் என்றோம். ஸ்க்ரேப்புக்குப் போய்விட்டது என்றார்கள். சரி, எத்தனை மில்லிமீற்றர் இருந்தது என்றோம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தில் வாகனம் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பிரேக் பேட் தேய்ந்து முடியும் கட்டத்தில் சத்தம் வருவதற்கென்றே பல பேட்களில் ஒரு சின்ன உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். ஆகவே கீச்சென்ற சத்தம் என்றவுடன் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. டிஸ்க் எவ்வளவு மெலிந்தால் மாற்ற வேண்டும் என்ற அளவைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே அடித்திருப்பார்கள். அளந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை. அளவுக்கு மேல் தடிப்பு இருந்து, மேற்பரப்பு மட்டும் கோடு விழுந்திருந்தால் லேத்தில் போட்டுச் சீவி மீண்டும் பூட்டலாம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கராஜ்காரர்களுக்கே தெரிந்த வேலை அது. அளந்தோம், இவ்வளவுதான் இருந்தது என்று ஒரு இலக்கத்தைக் காட்டியிருந்தால் நாங்கள் அந்த 46,000 ஐயும் கட்டிவிட்டு நன்றி சொல்லி வந்திருப்போம். இலக்கமும் இல்லை, பழைய சாமானும் இல்லை. வெறும் "உயிர் விஷயம்" மட்டும்தான் இருந்தது. பயத்தைக் காட்டி விற்பதற்கு அதைவிட நல்ல சொல் கிடையாது.

அடுத்து கூலி. பெரிய வேலைத்தளங்களில் கூலியை மணிக்கூட்டைப் பார்த்துப் போடுவதில்லை. இன்ன வேலைக்கு இத்தனை மணித்தியாலம் என்று கம்பெனியின் புத்தகத்தில் இருக்கும். அதைத்தான் பில்லில் போடுவார்கள். அதில் தவறில்லை, எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஆனால் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்றால் முதலில் சில்லைக் கழற்றி, கலிப்பரைக் கழற்றி, பேட்டை எடுத்தாக வேண்டும். அதாவது பேட் மாற்றும் வேலை டிஸ்க் மாற்றும் வேலைக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்குக்கு 9,000 எடுத்துவிட்டு, பேட்டுக்கென்று மறுபடியும் 4,500 எடுப்பது ஒரே சில்லை இரண்டு தரம் கழற்றியதாகக் கணக்குக் காட்டுவது.

இன்ஜெக்டர் கிளீனிங். வாகனத்தோடு வந்த கைநூலை எடுத்துப் பார்த்தோம். அந்தக் கிலோமீற்றருக்குச் செய்ய வேண்டியவை என்ற பட்டியலில் அது இல்லை. ஸ்கேன் கட்டணம். டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, நாங்கள் ஸ்கேன் பண்ணச் சொல்லவும் இல்லை. சில்லறைச் செலவு 3,000. என்ன சில்லறை என்று கேட்டோம். துணி, கிரீஸ், கிளீனர் என்றார்கள். சேர்விஸுக்கு எடுத்த 24,500 க்குள் ஒரு துண்டுத் துணி அடங்காதா?

நியாயமாக நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏசி பில்டரையும் எங்களிடம் கேட்காமல்தான் மாற்றினார்கள். ஆனால் பழையதை எடுத்து வைத்திருந்து காட்டினார்கள். கறுத்துப் போய் இருந்தது. அதற்கான காசை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம். பழைய சாமானைக் காட்டினால் வாதம் முடிந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டு மணித்தியாலம் நின்று பேசினோம். குரல் உயர்த்தவில்லை. முகாமையாளர் வந்தார். வரிவரியாகப் பார்த்த பிறகு இன்ஜெக்டர் 14,500, ஸ்கேன் 5,000, சில்லறை 3,000, இரட்டைக் கூலி 4,500 எல்லாவற்றையும் வெட்டினார். வற்றோடு சேர்த்து 31,860 ரூபா குறைந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கேள்வி கேட்டதும் முப்பத்தோராயிரம் ரூபா காணாமல் போகிறது என்றால், அது முதலில் அங்கே எப்படி வந்தது? கேள்வி கேட்காமல் கட்டிவிட்டுப் போன மற்றவர்களின் முப்பத்தோராயிரங்கள் எங்கே?

டிஸ்க் விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை. ஜொப் கார்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தேவையான ஏனைய வேலைகளைச் செய்ய வாடிக்கையாளர் சம்மதிக்கிறார் என்ற கருத்தில் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி. அந்த வரிக்கு அவர் சொல்லும் அர்த்தம் சரி என்றால் முன்பக்கத்தில் வேலையை எழுதுவது எதற்கு? வெறும் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடலாமே. நாளைக்கு எஞ்சினையே மாற்றிவிட்டு, தேவைப்பட்டது என்று சொல்லலாமே. முன்பக்கத்தில் பேனையால் எழுதிய இரண்டு வரிக்கு மேலாக, பின்பக்கத்தில் அச்சடித்த ஒரு வரி எப்படி ஏறி நிற்கும்?

121,540 ரூபாவைக் கட்டி வாகனத்தை எடுத்தோம். அதில் 59,590 ரூபாவை, அதாவது டிஸ்க்கும் அதற்கான மேலதிகக் கூலியும் வற்றும், ஆட்சேபனையோடு கட்டுகிறோம் என்று பில்லின் இரண்டு பிரதியிலும் எழுதிக் கையொப்பம் வைத்தோம். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.

இதுவரைக்கும் எங்கள் கதை. இனி எங்கள் சண்டை.

இந்த விஷயத்தை ஊரில் சொன்னபோது கம்பெனியைக் குறை சொன்னவர்களைவிட எங்களைக் குறை சொன்னவர்கள்தான் அதிகம். அந்தப் பேச்சுக்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பேச்சுக்களின் மேல்தான் அந்தப் பில் நிற்கிறது.

"ஏஜென்ட் எண்டா அப்படித்தான்."

ஏன் அப்படித்தான்? ஏஜென்ட்டிடம் விலை கூடவாக இருக்கலாம். நல்ல கட்டடம், பயிற்சி பெற்றவர்கள், அசல் சாமான். அதற்குக் கூடக் கொடுக்க நாங்களும் தயாராகத்தான் போனோம். பேட்டுக்கு 18,600 போட்டதில் நாங்கள் ஒரு ரூபாகூடக் குறைக்கச் சொல்லவில்லை. கூடிய விலைக்கு நாங்கள் சம்மதித்தோம். கேட்காத வேலைக்குச் சம்மதிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதுதான் அவர்களுக்கு வசதி.

"டொலர் ஏறினா அவனுகள் என்ன செய்ற?"

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. ஸ்பெயார் பார்ட்ஸ் விலை ஏறியது உண்மை. 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 வீதம் ஆனதும் உண்மை. ஆனால் டொலர் ஏறியதற்கும் எங்களுக்குப் போன் எடுக்காததற்கும் என்ன சம்பந்தம்? விலை ஏறிய காலத்தில்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். முன்னர் ஐயாயிரம் ரூபா பிழை என்றால் பொறுத்துக்கொண்டு போகலாம். இன்று அதே பிழை ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டுக் காசு.

"கார் வச்சிருக்கிறவங்களுக்குக் காசு இல்லையா?"

இந்தப் பேச்சுத்தான் எங்களுக்கு மிகவும் வலித்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் எங்களைப் போன்றவர்கள் இருந்த வாகனத்தைத்தான் தட்டித் தட்டி ஓட்டினோம். இப்போதும் புது வாகனத்தின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. பழைய வாகனம் என்றால் திருத்தம் வரும். திருத்தம் வந்தால் பில் வரும். நான்கு பேர் பங்கு போட்டு ஓட்டும் காரும், பிள்ளைகளை ஏற்றும் வேனும், தம்பிமாரின் முச்சக்கர வண்டியும் சொகுசுக்கு ஓடவில்லை, வயிற்றுக்கு ஓடுகின்றன. 153,400 ஐ நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 38,350. எடுத்து வைத்திருந்தது 15,000. மீதியை எங்கே தேடுவது? எங்களில் ஒருவர் மனைவியின் நகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சேர்மார் போய் கவுண்டரில நிண்டு சண்டை பிடிக்கிறதா? மானம் என்ன ஆகும்?"

கூட்டல் சரியா என்று பார்ப்பது சண்டை இல்லை. அதைத்தான் நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். விடையை மட்டும் எழுதாதே மகன், செய்கையைக் காட்டு என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறோம். செய்கையைக் காட்டாத பில்லுக்கு நாங்களே தலையாட்டிவிட்டு வந்தால், அடுத்த நாள் வகுப்பில் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? மானம் போகும் என்ற பயம் எங்கள் ஊர்களில் எவ்வளவு பெரிய வருமானம் என்று கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். படித்தவன் சத்தம் போட மாட்டான், பெண்கள் தனியே வந்தால் கேட்க மாட்டார்கள், தூரத்து ஊர்க்காரன் திரும்பி வர மாட்டான். இந்தக் கணக்குத் தப்பினால்தான் அடுத்த பில் சரியாக வரும்.

இனி சட்டம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் நுகர்வோரை ஏமாற்றும் அல்லது பிழையாக நினைக்க வைக்கும் விதத்தில் நடக்கக் கூடாது என்கிறது. 32ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தை மறந்துவிடாதீர்கள். பார்ப்போம், பொறுப்போம் என்று இருக்கும்போதே அது போய்விடும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அவசரத் தொலைபேசி இலக்கம் 1977.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1971 இல் வாகனத் திருத்தத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். வேலை தொடங்க முன்னர் எழுத்தில் மதிப்பீடு கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மறுபடி வாடிக்கையாளரின் சம்மதம் வாங்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முந்திய சட்டம் இது. இங்கே எங்கள் தெருவில் முடிவெட்டும் சலூனில்கூட விலைப்பட்டியல் தொங்குகிறது. இலட்சக்கணக்கில் பில் போடும் சேர்விஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலக் கூலி எவ்வளவு என்று ஒரு பலகை இல்லை. வாகனத் திருத்தத்துக்கு எழுத்து மூல மதிப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அதிகார சபையிடம் நாங்கள் கேட்பது இதனால்தான். எங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்களும் திருமண வீட்டுப் போட்டோக்களுக்கு நடுவில் இதையும் ஒரு தடவை பேசலாம்.

அதுவரைக்கும் நாங்களே செய்யக்கூடியவை இருக்கின்றன. இதைச் சேமித்து வையுங்கள்.

1. வாகனத்தைக் கொடுக்கும்போதே ஜொப் கார்ட்டில் உங்கள் கையால் எழுதுங்கள்: "இதற்கு மேல் எந்த வேலையும் என்னிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்." உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். பிறகு அதைப் போனில் படம் எடுங்கள்.

2. வாயால் சொல்லும் தொகையை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வற்றோடா, வற் இல்லாமலா என்று கேளுங்கள். 18 வீதம் என்பது சின்னக் காசு இல்லை. வற் அறவிடுபவரின் பதிவிலக்கம் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. மாற்றிய ஒவ்வொரு பழைய சாமானையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு சொல்லாதீர்கள், கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

4. மேலதிக வேலை என்று போன் வந்தால் மூன்று கேள்வி: இப்போதே செய்யாவிட்டால் என்ன நடக்கும்? அளவு என்ன, படம் அனுப்ப முடியுமா? சாமானும் கூலியும் தனித்தனியே எவ்வளவு?

5. பில்லில் ஒரே இடத்தைக் கழற்றியதற்கு இரண்டு கூலி இருக்கிறதா என்று பாருங்கள். "சில்லறை", "ஏனைய" என்ற சொற்களுக்கு விளக்கம் கேளுங்கள்.

6. தகராறு வந்தால் சாவியைப் பறித்துக்கொண்டு ஓட நினைக்காதீர்கள். செய்த வேலைக்குக் கூலி கிடைக்கும் வரை வாகனத்தைப் பிடித்து வைக்கும் உரிமை திருத்தியவருக்கு எங்கள் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. தேவைப்பட்டால் கட்டுங்கள். ஆனால் எந்த வரியை, எவ்வளவு தொகையை ஏற்கவில்லை என்று பில்லிலேயே எழுதிக் கட்டுங்கள். முடிந்தால் கார்டில் அல்லது வங்கி மூலம் கட்டுங்கள்.

7. அதிகார சபை ஒரு வழி. மத்தியஸ்த சபை இன்னொரு வழி. பல ஊர்களில் வார இறுதியில் பாடசாலைக் கட்டடங்களிலேயே கூடுகிறது. அங்கே செலவும் இல்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். மதரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. நாங்கள்தான் "எழுதச் சொன்னா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிடும்" என்று கூச்சப்படுகிறோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நாங்கள் நேர்மையாக எழுதியதாக ஆகாது. இந்தப் பதிவை வாசித்துவிட்டு, பெரிய கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், எங்கட ஆட்கள் தங்கம் என்று சந்தோஷப்பட வேண்டாம். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் எங்கள் கராஜ்களில் கைசுத்தமான, கெட்டிக்கார பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாமான் வாங்கிய கடைப் பில்லையே கையில் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பில்லே இல்லாமல், ஒரு சிகரட் மட்டையின் பின்பக்கத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதி நீட்டும் இடங்களும் இருக்கின்றன. பாவித்த சாமானைப் புதுச் சாமான் என்று பூட்டும் இடங்களும் இருக்கின்றன. ஏஜென்ட்டிடம் கேட்ட அதே கேள்வியைக் காக்காவின் கராஜிலும் கேட்க வேண்டும். சொந்தக்காரன் என்பதால் கேட்கக் கூடாது என்றால், அந்நியனிடம் கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை உங்களுக்கு எதிராக எழுதியதாக எடுக்க வேண்டாம். ஊரை விட்டு ஏஜென்ட்டிடம் ஓடுபவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? அங்கே ஒரு அச்சடித்த பில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். அந்தப் பில்லுக்குள் என்ன இருந்தது என்று மேலே பார்த்தீர்கள். நீங்கள் ஒரு நூறு ரூபாப் பில் புத்தகம் வாங்கி, சாமான் வேறு கூலி வேறு என்று எழுதி, பழைய சாமானை ஒரு பேக்கில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். வேறு விளம்பரம் தேவைப்படாது. வேலைக்கு நிற்கும் சின்னத் தம்பிமாருக்கும் அந்தப் பழக்கம் வரும்.

கடைசியாக, அந்த வேலைத்தளத்தில் எங்கள் வாகனத்தைக் கையால் தொட்டு வேலை செய்த இளைஞரோடு எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. பேட்டை ஒழுங்காகப் பூட்டியிருக்கிறார். இப்போது சத்தம் இல்லை. அவர் கழற்றச் சொன்னதைக் கழற்றினார், பூட்டச் சொன்னதைப் பூட்டினார். எங்களிடம் கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் குளிரூட்டிய அறைக்குள் இருந்தார். எங்கள் முறைப்பாடு அவருக்கு எதிரானது.

59,590 ரூபா திரும்பி வருமா என்று பலர் கேட்கிறார்கள். வந்தாலும் வராவிட்டாலும் முடிவை இதே பக்கத்தில் பில்லோடும் கடிதத்தோடும் போடுவோம், இன்ஷா அல்லாஹ். உங்களுக்கும் இப்படி ஒரு பில் வந்து, கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால், அந்தப் பில்லைத் தேடி எடுங்கள். மூன்று மாதம் ஆகவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள். தமிழில் முறைப்பாடு எழுதத் தெரியாதவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எங்கள் நால்வரில் யாரிடமாவது வாருங்கள். எழுதித் தருகிறோம். அதற்குக் கூலி இல்லை, சில்லறைச் செலவும் இல்லை.

வஸ்ஸலாம்.